ஆலை சொல்ல வேண்டியதும் ஊர் கேட்க வேண்டியதும்

2024 அக்டோபர் 1 அன்று பத்மநாபபுரம் சப்-கலெக்டர் அலுவலகத்தில் ஒரு கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கவிருந்தது. கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் தாலுகாவில் மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு பகுதிகளில் 1,144 ஹெக்டேரில் கனிம மணல் எடுக்க, மத்திய அரசின் ஐஆர்இஎல் நிறுவனம் கேட்டிருந்த சுற்றுச்சூழல் அனுமதிக்கான கூட்டம் அது. கடற்கரை ஊர்களில் எதிர்ப்பு வலுத்ததும் தள்ளிவைத்துவிட்டார்கள். மறு வருடம் செப்டம்பர் 8-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு குறிப்பாணை வெளியிட்டது. அணுக்கனிமங்களையும் முக்கியக் கனிமங்களையும் தோண்டும் திட்டங்களுக்கு இனி மக்கள் கருத்துக்கேட்பு வேண்டாமாம். நம் கரையில் கிடக்கும் இல்மனைட், மோனசைட் எல்லாமே அந்தப் பட்டியலில் வருகின்றன. அந்தக் குறிப்பாணையைத் திரும்பப் பெறும்படி தமிழக முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

கருத்துக்கேட்பு வெறும் சடங்குதானே என்று சிலர் கேட்கிறார்கள். அப்படி இல்லை. 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும், திட்டத்தின் சுருக்கத்தைத் தமிழில் கொடுக்க வேண்டும். கலெக்டர் அல்லது அவர் அனுப்பும் உயர் அதிகாரி தலைமை தாங்க வேண்டும், நடப்பதை வீடியோவில் பதிய வேண்டும். பேசியதை எல்லாம் கடைசியில் தமிழில் விளக்கிச் சொன்ன பிறகுதான் கையெழுத்து. மீன் விற்றுவிட்டு வந்த ஒரு அம்மா எழுந்து கேட்கும் கேள்விக்கு, நிறுவனம் எல்லோர் முன்னிலையிலும் பதில் சொல்லியாக வேண்டிய இடம் அது. அந்த இடத்தைத்தான் இப்போது எடுத்துவிட்டார்கள்.

ஆலையும் ஊரும் கைகோத்து நடக்க வேண்டும் என்று தொழில் துறை அடிக்கடி சொல்கிறது. போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, 1988-இல், ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பும் இதற்கென ஒரு திட்டம் வகுத்தது. நம் ஊர்களில் அந்தக் கைகோப்பு பெரும்பாலும் குடிநீர்த் தொட்டியிலும் மருத்துவ முகாமிலும் முடிந்துவிடுகிறது. அவையும் வேண்டியவைதான். ஆனால் ஆலைக்குள் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, வெளியே வந்தால் என்ன ஆகும் என்பது ஊருக்குத் தெரியாதவரை அதைக் கூட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஐஆர்இஎல் ஆலை இருக்கும் மணவாளக்குறிச்சிக்கு இது நூறாண்டுக் கதை. திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்தார். கேஸ் விளக்குத் திரிக்கு, மோனசைட்டில் உள்ள தோரியம் தேவைப்பட்ட காலம். அந்தத் தோரியத்தால் இந்தக் கரையில் இயற்கையாகவே கதிர்வீச்சு கூடுதல். மோனசைட்டை எடுத்தால் கதிர்வீச்சு குறையும் என்கிறது நிறுவனம். வீட்டுக்கு வீடு புற்றுநோய் பயம் என்கிறது ஊர். இரண்டில் எது சரி என்று பார்க்க, தெருவாரியாக அளந்த எண்கள் பஞ்சாயத்திலும் பங்குப்பேரவையிலும் தமிழில் இருக்க வேண்டும். கருவியை யார் பிடித்தார், எந்த நாளில் பிடித்தார் என்பதும் சேர்ந்து இருக்க வேண்டும்.

ஊரே அளந்து காட்டிய இடம் தமிழ்நாட்டிலேயே உண்டு. 2004-இல் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள கிராமத்து மக்கள் காற்றைத் தாங்களே கண்காணிக்கத் தொடங்கினார்கள். நாற்றம் வந்ததும் நோட்டில் தேதி, மணி, காற்று வரும் திசை, என்ன மாதிரி நாற்றம் என்று குறிப்பார்கள். அழுகிய முட்டைக்கோஸ் வாடை என்றால் அப்படியே எழுதுவார்கள். காற்றைப் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் வாளி, அதற்குள் ஒரு பை, காற்றை உள்ளே இழுக்க ஒரு சிறு பம்பு. பிடித்த காற்றை ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட நச்சு வேதிப்பொருள்கள் அதில் தெரிந்தன. அதுவரை கிராமத்தார் புகாரை 'ஏதோ வாடை' என்று தட்டிக்கழித்தவர்கள் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. உச்ச நீதிமன்றக் கண்காணிப்புக் குழுவும் அங்கே கவனம் செலுத்தியது.

நம் மாவட்டத்தில் இன்னொரு வேதிப்பொருள் சத்தமில்லாமல் இருக்கிறது: அமோனியா. குளச்சல், தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம் போன்ற துறைமுகப் பக்கங்களில் ஐஸ் பிளாண்டுகள் பலவும் அதை வைத்துத்தான் குளிரூட்டுகின்றன. ரப்பர் பால் கெடாமலிருக்கவும் அதையே சேர்க்கிறார்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பத்தில் ஒரு உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து கசிந்தது இதே அமோனியாதான். கண் எரிந்து, மூச்சு முட்டி ஜனங்கள் இருட்டில் ஓடினார்கள்; பலரை ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தது.

கசிந்தால் காற்று போகும் பக்கம் ஓடக்கூடாது. காற்றுக்குக் குறுக்கே விலகிப் போக வேண்டும். அமோனியா தண்ணீரில் சட்டென்று கரையும்; ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடினால் ஓரளவு தாங்கும். கண்ணில் பட்டால் கால் மணி நேரமாவது நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். கச்சான் காற்று எப்போது வீசும், கரைக்காற்று எப்போது திரும்பும் என்பது குளச்சல் வலைக்காரருக்கு எந்த அதிகாரியையும்விட நன்றாகத் தெரியும். தப்பும் வழியைத் தீர்மானிக்கும் கூட்டத்தில் அவர் உட்காரவில்லை என்றால் அந்தத் திட்டம் தாளோடு நின்றுவிடும்.

அவர் உட்கார விதி இடம் கொடுக்கிறது. 1996-ஆம் ஆண்டு வேதிவிபத்து விதிகளின்படி, பேராபத்துத் தொழிற்சாலைகள் உள்ள பகுதிக்கு உள்ளூர் நெருக்கடிக் குழு வேண்டும். ஆலைக்காரர்களும் தீயணைப்பு, போலீஸ் அதிகாரிகளும் மட்டுமல்ல, ஊர்த்தலைவர், டாக்டர்கள், சமூக சேவகர்கள், உள்ளூர் பத்திரிகை ஆசிரியர் ஆகியோரும் அதில் உறுப்பினர்கள். மாதம் ஒருமுறை கூட வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒரு முழு ஒத்திகை நடத்த வேண்டும். சின்ன ஐஸ் பிளாண்டுகள் பெரும்பாலும் இந்தக் கணக்கில் வராது. அங்கேதான் ஊர்க் கமிட்டியும் ஜமாத்தும் அன்பியமும் நேரே போய்க் கேட்க வேண்டியிருக்கிறது: எத்தனை கிலோ அமோனியா, சைரன் உண்டா, கடைசியாக எப்போது வால்வைச் சோதித்தீர்கள்?

பதில் வராவிட்டால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு. நாகர்கோவில் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் அந்த ஆலையின் இசைவாணை நகலையும் கடைசி ஆய்வறிக்கையையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். உயிருக்கு ஆபத்தான விஷயம் என்றால் 48 மணி நேரம்தான். சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற நிறுவனம் ஜூன் 1, டிசம்பர் 1 என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிபந்தனைகளை நிறைவேற்றிய விவரத்தைச் சமர்ப்பிக்க வேண்டும். அதை யாரும் பார்க்கலாம். மிடாலம் போன்ற ஊராட்சிகளில் கிராம சபையில் தீர்மானம் போடலாம். மணவாளக்குறிச்சி பேரூராட்சி, கொல்லங்கோடு நகராட்சி. அங்கே கிராம சபை கிடையாது, எழுத்து மனு கொடுக்கலாம், மன்றத்தில் தீர்மானம் கேட்கலாம்.

விபத்து நடந்துவிட்டால், 1991-ஆம் ஆண்டு பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டப்படி கலெக்டரிடம் நிவாரணம் கேட்கலாம். ஆலையின் கவனக்குறைவை நீங்கள் நிரூபிக்க வேண்டாம். ஐந்து வருடத்துக்குள் மனு கொடுத்தால் போதும். பெரிய இழப்பீட்டுக்குச் சென்னையில் உள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. அங்கும் இழப்பீட்டுக்கு ஐந்து வருடம். மற்றச் சுற்றுச்சூழல் வழக்குகளுக்கு ஆறு மாதம்தான். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை.

இதைவிடக் குறுகிய கெடு ஒன்று உண்டு. ஒரு திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்துவிட்டால் அதை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 30 நாள். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் கிடைக்கலாம், அதற்குமேல் கதவு மூடிவிடும். அனுமதி கிடைத்த செய்தியை நிறுவனம் உள்ளூர் நாளிதழ்கள் இரண்டில், ஒன்றிலாவது தமிழில், விளம்பரம் செய்ய வேண்டும். உள்பக்கத்தில் சின்ன எழுத்தில் வரும் அந்த விளம்பரத்தைத் தவறாமல் பார்த்து வெட்டி வைக்க ஊருக்கு ஒருவரை இப்போதே நியமித்துக்கொள்ளுங்கள்.