பலாமரம் உள்ளே ஏன் மஞ்சளா இருக்கு? விடை தேடிய சென்னைக்காரர்... யார் இந்த கே.வெங்கட்ராமன்?

நெய்வேலினு சொன்னாலே நிலக்கரிதான் நினைவுக்கு வரும். ஆனால் முத்தாண்டிக்குப்பம் பக்கம் போனால் முந்திரியும் பலாவும்தான். பலாமரத்தை அறுத்தால் உள்ளே வைரம் பாய்ந்த பகுதி பளிச்சென மஞ்சளாக இருக்கும். இந்த மரத்தில்தான் வீணை செய்கிறார்கள். பர்மா, தாய்லாந்து பௌத்தத் துறவிகளின் ஆடைக்குச் சாயமும் இதிலிருந்து எடுத்திருக்கிறார்கள். அந்த மஞ்சளுக்குள் என்ன இருக்கு என்று ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர், கரிம வேதியியல் பேராசிரியர் கே.வெங்கட்ராமன்.

யார் இவர்?

1901-ல் சென்னையில் பிறந்தவர். மாநிலக் கல்லூரியில் வேதியியல் படித்துவிட்டு இங்கிலாந்தின் மான்செஸ்டருக்குப் போனார். அங்கே இவருக்கு வழிகாட்டியவர் ராபர்ட் ராபின்சன், பின்னாளில் (1947) நோபல் பரிசு வாங்கியவர். நாடு திரும்பிய பிறகு லாகூரில் உள்ள ஃபார்மன் கிறிஸ்டியன் கல்லூரியில் பேராசிரியர் ஆனார்.

பாடப்புத்தகத்தில் பெயர் வந்தது எப்படி?

தாவரங்களில் இருக்கும் பல மஞ்சள் நிறமிகள் 'ஃப்ளேவோன்' என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டு பென்சீன் வளையங்கள், அவற்றை இணைக்கும் மூன்று கார்பன்கள்... இதுதான் அடிப்படை அமைப்பு. இதை ஆய்வகத்தில் செய்வது எப்படி?

1933-34-ல் லாகூரில் தன் மாணவருடன் சேர்ந்து வெங்கட்ராமன் ஒரு வழி சொன்னார். ஒரு வளையத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கைகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கையில் ஆக்சிஜனோடு ஒட்டியிருக்கும் தொகுதி, காரம் சேர்த்ததும் அடுத்த கையில் உள்ள கார்பனுக்குத் தாவிவிடும். பிறகு அமிலம் சேர்த்தால் நீர் வெளியேறி வளையம் மூடிக்கொள்ளும். ஃப்ளேவோன் ரெடி!

அதே நேரத்தில் இங்கிலாந்தின் வில்சன் பேக்கரும் தனியாக இதைக் கண்டறிந்தார். அதனால்தான் 'பேக்கர்-வெங்கட்ராமன் மறுசீரமைப்பு' என்று பெயர். எம்.எஸ்சி. வேதியியல் மாணவர்கள் இன்றைக்கும் இதைப் படிக்கிறார்கள்.

சாயத்தில் என்ன அவ்வளவு முக்கியம்?

1934-ல் பம்பாய் பல்கலைக்கழக வேதியியல் தொழில்நுட்பத் துறைக்கு மாறினார். 1938-ல் அதன் இயக்குநர். துணி இங்கே நெய்தாலும், அதற்கான செயற்கைச் சாயத்துக்குப் பெரும்பாலும் வெளிநாட்டைத்தான் நம்பியிருந்த காலம் அது. சாயம் செய்யத் தெரிந்த ஆட்கள் இங்கேயே உருவாகணும் என்றால் பாடமும் ஆய்வும் இங்கே நடக்கணும். அதைத்தான் இவர் செய்தார். 1952-ல் வெளிவரத் தொடங்கிய இவரது 'செயற்கைச் சாயங்களின் வேதியியல்' என்ற ஆங்கில நூல் வரிசை, உலக அளவில் சாயத் துறைக்கே அடிப்படை நூலானது.

பலா ஆய்வு எங்கே வருது?

1957-ல் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் இயக்குநர் ஆனார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் இவர்தான். 1950, 60-களில் இவரது குழு பலாமர வைரத்தில் இருந்து 'ஆர்டோகார்ப்பின்' போன்ற நிறமிகளைப் பிரித்து, அவற்றின் மூலக்கூறு அமைப்பை ஆராய்ந்தது. மரத்தில் என்னென்ன வேதிப்பொருள் இருக்கு என்பதை வைத்து, பலா, முசுக்கொட்டை மரங்கள் அடங்கிய குடும்பத்தின் உறவுமுறையையே சொல்லலாம் என்பது வரை அந்த ஆய்வு போனது.

மஞ்சள் நிறத்தால் நமக்கு என்ன லாபம்?

அந்தப் பலா ஆய்வில் வெங்கட்ராமனோடு வேலை பார்த்த மாணவர் ஏ.வி.ராமா ராவ். பின்னாளில் ஹைதராபாத்தில் உள்ள இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனத்தின் இயக்குநரானார். எய்ட்ஸ் நோய்க்கான ஏ.இசட்.டி. மருந்தைக் குறைந்த செலவில் தயாரிக்கும் முறையை 1990-களில் உருவாக்கியது இவரது குழுதான். சிப்லா நிறுவனம் அதை இந்தியாவில் மலிவு விலையில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. மரத்தில் உள்ள மூலக்கூறைப் பிரித்து, படித்து, திரும்பக் கட்டத் தெரிந்த கைக்கு மருந்தும் வசப்படும் என்பதற்கு இது ஒரு சாட்சி.

1961-ல் பத்ம பூஷண் பெற்ற வெங்கட்ராமன், 1981-ல் காலமானார்.