வீட்டுக் கணினியில் மொழி மாதிரி: வரைகலை அட்டையைத் தேரும் முறை

வினாவுக்கு விடை கூறுதல், மொழிபெயர்த்தல், சுருக்கி வரைதல் ஆகிய பணிகளைச் செய்யும் செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளை இணைய இணைப்பின்றி வீட்டுக் கணினியிலேயே இயக்க இயலும். 2023 மார்ச்சில் ஜார்ஜி கெர்கானொவ் வெளியிட்ட லாமா.சிபிபி என்னும் மென்பொருள் இதனை எளிதாக்கிற்று. அச்சேறாத கையெழுத்துப் படிகளும் குடும்ப ஆவணங்களும் பிறர் கணினிக்குச் செல்லாமல் காக்க இது நல்வழியாகும். ஆயின், இது விரைந்து இயங்கக் கடைகளில் கிராபிக்ஸ் கார்டு என வழங்கும் வரைகலை அட்டை தேவை. அதன் விலையோ நடுத்தரக் குடும்பத்தின் பல மாதச் சேமிப்பு. எனவே எதனை நோக்கி வாங்குதல் வேண்டும் என்பதை ஈண்டு விளக்குவோம்.

நினைவகமே முதன்மை

மஞ்சள் வணிகத்திற்குப் பெயர்பெற்ற நம் நாமகிரிப்பேட்டையில் கிடங்கு பிடிப்பவர், எத்தனை மூட்டை கொள்ளும் என்றே முதலில் கேட்பார். வரைகலை அட்டைக்கும் அதுவே முறை. மாதிரி முழுவதும் அட்டையின் நினைவகத்தில் அடங்குதல் வேண்டும். அடங்காவிடில் வேகம் பெரிதும் குன்றும்.

கணக்கு எளிது. 700 கோடி அளவுருக்கள் கொண்ட மாதிரியில் ஒவ்வொன்றும் 2 பைட் இடம் கொண்டால் 14 ஜி.பி. வேண்டும். தரம் சற்றே குறைய 4 பிட்டாகச் சுருக்கினால் ஏறத்தாழ 4 ஜி.பி. போதும். 1,300 கோடி மாதிரிக்கு அவ்வாறே சுருக்கினும் 8 ஜி.பி. அளவு தேவை. உரையாடலுக்குத் தனியிடமும் வேண்டுமாதலின் அதற்கு 12 ஜி.பி. அட்டையே தகும்.

தமிழுக்குரிய தேவை

மாதிரிகள் சொற்களைச் சிறு கூறுகளாகப் பிரித்தே படிக்கின்றன. லாமா 2 மாதிரியின் 32,000 கூறுகளில் தமிழுக்குரியன மிகச் சில. ஆதலின் ஒரு தமிழ்ச் சொல் பல துண்டுகளாகச் சிதறிற்று. 2023 நவம்பரில் அபிநந்த் பாலச்சந்திரன் 16,000 தமிழ்க் கூறுகளைச் சேர்த்துத் தமிழ்-லாமாவை உருவாக்கினார். இவ்வாறு செம்மை செய்யப்படாத மாதிரியில் தமிழுரை மிகுந்த இடத்தையும் நேரத்தையும் கொள்ளும். ஆகவே தமிழில் பணிபுரிவோர் நினைவகத்தைச் சற்றுக் கூடுதலாகவே கொள்ளுதல் நலம்.

பெயர் கண்டு மயங்கற்க

ஒவ்வொரு கூறும் பிறக்க, மாதிரி முழுவதும் ஒருமுறை படிக்கப்படும். எனவே நினைவகத்தின் கடத்துவேகம் அடுத்துக் காணத்தக்கது. 2021இல் வந்த என்விடியா ஆர்.டி.எக்ஸ். 3060 அட்டையின் 12 ஜி.பி. வகை நொடிக்கு 360 ஜி.பி. கடத்தும். அதே பெயரில் வந்த 8 ஜி.பி. வகை 240 மட்டுமே கடத்தும். 2023இல் வந்த 4060 டி.ஐ. 16 ஜி.பி. வகைக்கோ 288. புதியது யாவும் விரைவுடையதன்று என்பது இதனாற் பெறப்படும். மின்தேவையும் கருதத்தக்கது: 3060க்கு 170 வாட், 24 ஜி.பி. கொண்ட 3090க்கு 350 வாட்.

முடிவுரை

சிறு மாதிரியொன்றை வரைகலை அட்டையின்றியே இயக்கலாம், மெதுவாயினும் இயங்கும். முதலில் இருக்கும் கணினியில் அதனை இயக்கிப் பார்த்து, நம் பணிக்கு அது உதவுமா என அறிக. உதவுமெனில் நினைவகம், கடத்துவேகம், மின்தேவை என்னும் வரிசையில் வினவி வாங்குக. பெற்றோரின் உழைப்பால் வந்த பொருளை மாணவர் அறிந்து செலவிடுதலே கல்வியின் பயனாகும்.