சங்கினுள் கேட்கும் ஒலி

திருச்செந்தூரிலோ இராமேசுவரத்திலோ கடலாடித் திரும்புகையில் வாங்கிய சங்கு ஒன்று, டில்லியிலும் நாகபுரியிலும் குடியேறிய நம்மவர் இல்லங்களில் அலமாரியின்மேல் வீற்றிருப்பதைக் காண்கிறோம். அங்கேயே பிறந்து வளரும் குழந்தை அதைக் காதருகே வைத்துக்கொண்டு, "இது நம்மூர்க் கடலா?" என்று வினவுகிறது. ஆமென்று சொல்லிவிடவே மனம் விழைகிறது. உண்மையோ வேறு.

சங்கினுள் கடல் இல்லை. நம் குருதி ஓடும் ஓசையே அது என்று சிலர் கூறுவதும் பொருந்தாது. அறையின் சிற்றோசைகளும், தெருவில் செல்லும் வண்டியின் இரைச்சலும், காற்றின் அசைவும் சங்கின் வளைந்த உட்புழையில் புக, அப்புழைக்கு இசைந்த ஒலிகள் மட்டும் ஓங்கிக் கேட்கின்றன. வெறுங் குவளையைக் காதில் கவிழ்த்தாலும் ஏறத்தாழ இதுவே நிகழும். ஓசை புகாத அறையில் சங்கும் அநேகமாக ஊமையாகிவிடும். ஆக, நாகபுரியில் இருக்கும் சங்கு நாகபுரியையே ஒலிக்கிறது. அதைக் கடலாக்குவது, முன்னொரு நாள் அலையோரம் நின்ற நம் செவியின் நினைவு. கடலைக் காணாத குழந்தைக்கோ அந்நினைவும் நாம் சொல்லித் தந்ததே.

எனினும் சங்கிடம் அதற்கே உரிய நினைவு ஒன்று உண்டு. அதனுள் வாழும் உயிர், மணற்பாங்கான கடலடியில் புழுக்களை உண்டு வளர்வது. வளருந்தோறும் வாய்விளிம்பில் சுண்ணகப் பொருளைச் சேர்த்து வீட்டைப் பெரிதாக்குமேயன்றி, பழைய அறையை இடிப்பதில்லை. கூர்நுனியில் உள்ள சிறு சுருள் அதன் பிள்ளைப்பருவம். அகன்ற வாய் அதன் இறுதிநாள். நுனியிலிருந்து வாய்வரை விரலால் தடவினால் ஓர் ஆயுளையே தடவியவராவோம்.

சுருளோட்டத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. அரிதாகக் கிடைக்கும் வலம்புரியை உயிரியல் நூலார் இடச்சுருள் என்பர். கூர்நுனியை மேலே வைத்து நோக்குவது அவர் வழக்கம். அதைக் கீழே வைத்து நோக்குவது நம் வழக்கம்.

கொல்கத்தாவில் வாழும் அன்பர்கள் சங்கை மற்றோர் உருவில் நாள்தோறும் காண்கிறார்கள். வங்காளத்தில் மணமான இந்துப் பெண்கள் பலர் செவ்வளையோடு அணியும் வெண்வளை, சங்கை அறுத்துச் செய்தது. அச்சங்கில் பெரும்பகுதி நெடுங்காலமாக மன்னார் வளைகுடாவிலிருந்து சென்றது. தூத்துக்குடிப் பக்கத்தில் மூச்சடக்கிச் சங்கு குளித்தவர்கள் எடுத்தது, டாக்காவிலும் விஷ்ணுபூரிலும் வளையாயிற்று. சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1914-இல் வெளியிட்ட நூலில் இவ்வாணிகத்தை விரிவாக எழுதியிருக்கிறார். சங்கறுக்கும் தொழில் நமக்கும் புதிதன்று. மதுரைக்காஞ்சி சங்கை அறுத்து வளை கடைவோரைக் குறிக்கிறது. நக்கீரர் அம்மரபினர் என்னும் கதையை அறியாதவர் நம்மில் யார்? தமிழகத்தில் அத்தொழில் அருகிப்போயிற்று; வங்காளத்தில் இன்னும் நிலைத்திருக்கிறது.

வளைக்கு வேண்டுவது அகன்ற உடற்சுருள் மட்டுமே. பிள்ளைப்பருவமாகிய கூர்நுனியை முதலிலேயே நீக்கிவிடுவார்கள். கொல்கத்தா அன்பர்கள் சங்கு வளைக் கடையொன்றில், இது எக்கடலிற் கிடந்தது என்று வினவிப் பார்க்கலாம். தூத்துக்குடி என்று விடை வருமாயின், வீட்டில் காத்திருக்கும் குழந்தைக்கு அதையே சொல்லலாம்.