ரஜூலாவும் சிதம்பரமும்: இரு கப்பல்கள், ஓர் ஒப்பீடு

நீரிற் செல்வன அனைத்தையும் நம் முன்னோர் ஒரே பெயரால் அழைத்தாரல்லர். ஆற்றையும் கழியையும் கடக்க அம்பி, பஃறி, ஓடம் என்றும், கடலைக் கடக்கக் கலம், வங்கம், நாவாய் என்றும் அளவுக்கும் பயனுக்கும் ஏற்பப் பெயர்களை வகுத்தனர். மரக்கலத் தொழிலோடு பிணைந்ததே ‘மரைக்காயர்’ என்னும் பெயர் என்று கூறுவாரும் உளர். இத்தகைய கடல்வழி மரபுடைய நம் சமுதாயத்தின் அண்மைக்கால வாழ்வில் இரு கப்பல்கள் நீங்கா இடம் பெற்றுள்ளன. ஒன்று ரஜூலா, மற்றொன்று சிதம்பரம். முன்னது பழையது, சிறியது. பின்னது புதியது, பெரியது. இவ்விரண்டையும் ஒப்பிட்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கப்பல்களை ஒப்பிடப் புகுவோர் நீளத்தையும் எடையையும் வேகத்தையும் அடுக்கிச் சொல்லி, பெரியதே சிறந்தது என்று முடித்துவிடுவது வழக்கம். நாமும் அக்கணக்குகளைத் தருவோம். ஆயினும், ஒரு கப்பலின் பெருமை அதன் பரிமாணத்தில் இருக்கிறதா, அன்றி அதில் ஏறிய எளிய மனிதனுக்கு அது அளித்த இடத்தில் இருக்கிறதா என்னும் வினாவையும் உடன் எழுப்புவோம்.

பழைய கப்பல்

ரஜூலா 1926ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் பார்க்ளே கர்ல் நிறுவனத்தாரால் கட்டப்பெற்றது. இதன் உரிமையாளர் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியார். ஏறத்தாழ 8,500 டன் கொள்ளளவு. நீராவிப் பொறிகளால் இயங்கும் இரட்டை உந்து சக்கரங்கள். மணிக்கு ஏறக்குறைய 13 கடல்மைல் வேகம். நிலத்தளவையில் இது மணிக்கு 24 கிலோமீட்டர் அளவேயாகும். சென்னையிலிருந்து புறப்பட்டு, நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு, வங்கக் கடலைக் கடந்து, பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் (இன்றைய கிளாங் துறைமுகம்), சிங்கப்பூர் ஆகிய துறைகளை அடைவது இதன் தடம். நாகையில் ஆழமான துறைமுகம் இன்மையால் கப்பல் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். பயணிகள் படகுகளில் ஏறிச் சென்று, அலையில் ஆடும் படகிலிருந்து கப்பலின் ஏணியைப் பற்ற வேண்டும்.

இத்தடத்தில் ரஜூலாவுக்கு ஓர் உடன்பிறப்பும் இருந்தது. அதே 1926இல் இங்கிலாந்தில் கட்டப்பெற்ற ரோனா என்னும் கப்பலே அது. இரண்டாம் உலகப் போர் மூண்டபோது இரு கப்பல்களும் படைவீரரை ஏற்றிச் செல்லும் பணிக்கு மாற்றப்பட்டன. ரோனா 1943 நவம்பர் 26ஆம் நாள் அல்ஜீரியக் கடற்கரைக்கு அப்பால், செருமானிய விமானம் செலுத்திய வழிகாட்டு குண்டினால் தாக்குண்டு மூழ்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரஜூலா மட்டும் போரிலிருந்து மீண்டு, தன் பழைய தடத்துக்கே திரும்பியது. 1973இல் இந்தியக் கப்பல் கழகம் அதனை வாங்கி ‘ரங்கத்’ எனப் பெயர் சூட்டியது. மறு ஆண்டில் அது பம்பாயில் உடைக்கப்பட்டது. பிறப்பு முதல் இறுதிவரை கணக்கிடின் நாற்பத்தேழு ஆண்டுகளுக்கும் மேலான உழைப்பு!

புதிய கப்பல்

சிதம்பரம் பிறந்தது பிரான்சு நாட்டின் டன்கிர்க் நகரில், ஆண்டு 1966. அப்போது அதன் பெயர் ‘பாஸ்தர்’. வெறிநாய்க்கடிக்கு மருந்து கண்ட லூயி பாஸ்தரின் பெயர்தான் அது. ஐரோப்பாவுக்கும் தென்னமெரிக்காவுக்கும் இடையே பயணிகளையும் சரக்கையும் ஏற்றிச் சென்ற அக்கப்பலை 1972இல் இந்தியக் கப்பல் கழகம் விலைக்கு வாங்கி, நம் தடத்துக்கு ஏற்ப உள்ளமைப்பை மாற்றி, ‘சிதம்பரம்’ என்று பெயரிட்டது. ஏறத்தாழ 18,000 டன் கொள்ளளவு, டீசல் பொறிகள், மணிக்கு ஏறக்குறைய 20 கடல்மைல், அதாவது 37 கிலோமீட்டர் வேகம். ரஜூலாவைப்போல் இரு மடங்குக்கும் மேற்பட்ட பரிமாணமும், ஒன்றரை மடங்கு விரைவும் உடையது இக்கப்பல் என்பது வெளிப்படை.

சிதம்பரம் என்னும் பெயரைக் கேட்டதும் கப்பலோட்டிய தமிழரின் நினைவு வருதல் இயல்பே. 1906இல் வ. உ. சிதம்பரனார் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது, தூத்துக்குடி – கொழும்புத் தடத்தில் அவர் எதிர்த்து நின்றது ரஜூலாவின் உரிமையாளரான அதே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியைத்தான். அம்முயற்சிக்கு எண்ணாயிரம் பங்குகளை வாங்கி, இரண்டு இலட்சம் ரூபாய் அளித்துத் தோள் கொடுத்த பெருமகன் ஹாஜி முகமது பக்கீர் சேட் என்பதை நம் மாணவர் மறத்தலாகாது. சுதேசிக் கம்பெனி அடக்குமுறையால் நலிந்தது. எனினும், ஆங்கிலேயர் கம்பெனியின் பழங்கப்பல் விட்டுச்சென்ற தடத்தை, அறுபதாண்டுகளுக்குப் பின்னர், சிதம்பரம் என்ற பெயர் தாங்கிய இந்தியக் கப்பல் நிரப்பியது. வரலாறு இவ்வாறு கணக்கைத் தீர்ப்பதும் உண்டு.

டன் என்பது யாது?

ஈண்டு ஒரு சொல்லை விளக்குதல் வேண்டும். பயணிகள் கப்பலை 8,500 டன் என்றும் 18,000 டன் என்றும் குறிக்கும்போது, பலரும் அதனை எடை என்றே எண்ணுகின்றனர். அஃது எடையன்று, இடம். கப்பலின் மூடிய பகுதிகளின் கன அளவைக் கணக்கிட்டு, நூறு கன அடிக்கு ஒரு டன் என வகுப்பதே அக்காலத்து முறையாகும். ஆகவே ஒரு பயணிகள் கப்பலின் டன் கணக்கைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்தால், தலைக்கு எவ்வளவு இடம் என்பது ஒருவாறு தெரிந்துவிடும். சரக்கறையும் பொறியறையும் இதனுள் அடங்குமாயினும் ஒப்பீட்டுக்கு இது போதும்.

இனி நாமே வகுத்துப் பார்ப்போம். ரஜூலா தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்றிச் செல்ல உரிமம் பெற்றிருந்தது. மேல்வகுப்பு அறைகளில் இருந்தோர் இருநூறு பேருக்கும் குறைவு. எனவே தலைக்கு ஒன்றே முக்கால் டன்னுக்கும் குறைந்த இடமே கிடைக்கும். சிதம்பரமோ அறைவகுப்பும் அடுக்குக் கட்டில் வகுப்பும் சேர்த்து ஏறத்தாழ 1,700 பேரையே ஏற்றியது. தலைக்குப் பத்து டன்னுக்கும் மேல்! புதிய கப்பல் இரு மடங்கு பெரியது. ஏற்றிய மக்களோ மூன்றில் ஒரு பங்கு. இந்த முரணில்தான் இவ்வொப்பீட்டின் உயிர் இருக்கிறது.

தளப் பயணம்

‘டெக்கில் போனேன்’ என்று நம் முதியோர் சொல்லக் கேட்டிருப்போம். கட்டிலும் அறையும் இன்றி, கப்பலின் தளத்தில் பாய் விரித்து, ட்ரங்குப் பெட்டியையே எல்லைச் சுவராக வைத்து, ஒரு வாரத்தைக் கழிப்பதே தளப் பயணம். நாகூர், நாகை, காரைக்கால் முதலிய ஊர்களிலிருந்து வணிகத்துக்குச் சென்ற சபராளிகளும், தோட்டங்களில் உழைக்கச் சென்ற எளியோரும் அருகருகே அத்தளங்களில் படுத்தனர். மழையும் வெயிலும் உப்புக்காற்றும் அனைவருக்கும் பொது. கரையை அடைந்த பின்னரும் தளப் பயணிகளின் துன்பம் தீர்ந்தபாடில்லை. அம்மையோ காலராவோ தொற்றியிருக்கக்கூடும் எனின், சிங்கப்பூருக்கு அருகிலுள்ள செயின்ட் ஜான் தீவிலும், பினாங்குக்கு அருகிலுள்ள ஜெரஜாக் தீவிலும் நோய்த்தடுப்பு முகாமில் வைக்கப்பட்டனர். அறைவகுப்பில் வந்தோருக்கும் தளத்தில் வந்தோருக்கும் இடையே இருந்த தொலைவு, சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே உள்ள தொலைவினும் பெரிது.

ஒரே கப்பலில் ஐயாயிரம் பேரை ஏற்றலாம் என்று எவர் அனுமதித்தனர்? சட்டமே அனுமதித்தது. கட்டிலில்லாப் பயணிகளுக்கென 1931இல் ‘சிம்லா விதிகள்’ என்னும் பெயரால் தனி விதிகள் வகுக்கப்பட்டன. இவ்விதிகள் இந்தியப் பெருங்கடல் வட்டாரத்துத் தளப் பயணிகளுக்கும், ஹஜ் பயணிகளை ஏற்றிச் சென்ற கப்பல்களுக்கும் பொதுவானவை. பிற கடல்களில் ஏற்கப்படாத நெரிசல் இக்கடலில் நெடுங்காலம் ஏற்கப்பட்டது. பின்னர் 1971இல் இத்தகைய கப்பல்களின் பாதுகாப்புப் பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமும், அதனையடுத்து 1973இல் பயணி ஒருவருக்கு வேண்டிய இடம் பற்றிய உடன்பாடும் ஏற்பட்டன. காலப்போக்கில் ரஜூலாவே தன் தளப் பயணிகளின் எண்ணிக்கையைப் பெருமளவு குறைத்துக்கொண்டது. சிதம்பரம் பாய்க்குப் பதிலாகக் கட்டில் தந்தது. ஆக, எளியவனுக்குக் கிடைத்த ஆறடிக் கட்டில் இரும்பின் கொடையன்று. அவனும் மனிதன் என்று காலம் தாழ்த்தியேனும் உணர்ந்த சட்டத்தின் கொடையாகும்.

பெரிதும் பாதுகாப்பும்

எனில், புதியதே எல்லா வகையிலும் மேம்பட்டது என்று முடித்துவிடலாமா? இயலாது. 1984 பிப்ரவரியில் சிதம்பரம் கப்பலில் தீப்பற்றியது. பயணிகள் பலர் உயிரிழந்தனர். அக்கப்பல் மீண்டும் பயணிகள் பணிக்குத் திரும்பவே இல்லை. 1985இல் பம்பாயில் உடைக்கப்பட்டது. அவர்தம் மறுமை வாழ்வுக்காக இறைவனிடம் வேண்டுவோம்.

கடலில் தீ என்பது நிலத்துத் தீயினும் கொடிது. வீட்டில் தீப்பற்றினால் வெளியே ஓடலாம். கப்பலில் ஓடுவதற்குக் கடலே எல்லை. மூடிய தளங்களில் சுவாலையைக் காட்டிலும் புகையே முதலில் உயிரைக் கவரும். அணைக்க ஊற்றும் நீர் மேல்தளங்களில் தேங்கினால் கப்பலின் சமநிலை குலைந்து சாயவும் கூடும். அதனாலேயே தீத்தடுப்புச் சுவர்களும், எளிதில் கண்டடையத்தக்க வெளியேறும் வழிகளும், மாலுமிகளின் இடையறாப் பயிற்சியும் கப்பலின் பரிமாணத்தைக் காட்டிலும் முதன்மை பெறுகின்றன. திறந்த தளத்தில் வெயிலில் வாடிய ரஜூலாப் பயணிக்குக் காற்றுக்குக் குறைவில்லை. மூடிய அறையில் கட்டில் பெற்ற பயணிக்கோ அந்தக் கட்டிலைச் சூழ்ந்த பாதுகாப்பும் வேண்டும். ஒரு குறை தீரும்போது வேறொரு பொறுப்பு பிறக்கிறது. இதனை உணராத வளர்ச்சி முழுமையான வளர்ச்சியன்று.

தடம் மறைந்த கதை

சிதம்பரத்தோடு சென்னை – சிங்கப்பூர் கப்பல் தடம் முடிவுற்றது. தீ ஒன்றே அதற்குக் காரணமன்று. கடலில் ஒரு வாரம் சென்ற வழியை விமானம் சில மணி நேரத்தில் கடந்தது. மலேயா 1957இலும் சிங்கப்பூர் 1965இலும் தனி நாடுகளாகியபின் குடிநுழைவு விதிகள் இறுகின. இக்கரையில் வீடும் அக்கரையில் கடையுமாக வாழ்ந்த பழைய வாழ்க்கை முறையே சுருங்கியது. சபராளிகளின் பேரர் வளைகுடா நாடுகளுக்கு விமானத்தில் செல்லலாயினர். பயணக் கப்பல் என்ற சொல்லின் பொருளும் மாறியது. இன்று உலகெங்கும் மிதக்கும் பெருங்கப்பல்கள் பெரும்பாலும் உல்லாசக் கப்பல்களே. அவற்றில் ஏறுவோர் ஓரிடத்துக்குச் செல்ல ஏறுவதில்லை. கப்பலில் இருப்பதற்காகவே ஏறுகின்றனர். ரஜூலாவில் ஏறியவன் பிழைப்பதற்காக ஏறினான்.

நாகைத் துறை முற்றிலும் உறங்கிவிடவில்லை. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் இலங்கையின் காங்கேசன்துறைக்கும் இடையே ‘செரியபாணி’ என்னும் சிறு பயணிகள் கப்பல் இயங்கத் தொடங்கியது. இடையில் நின்ற அச்சேவை 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கப்பெற்றது. ரஜூலாவின் முன் இது மிகச் சிறிது. ஆயினும் ஒவ்வொரு பயணிக்கும் அமர இருக்கை உண்டு.

முடிவாகச் சில சொற்கள். ரஜூலா உழைப்பால் பெரியது. சிதம்பரம் இடத்தால் பெரியது. முன்னதன் உறுதியையும் பின்னதன் கண்ணியத்தையும் ஒருங்கே பெற்ற கப்பலே உண்மையில் பெரிய கப்பலாகும். இக்கருத்து கப்பலுக்கு மட்டுமன்று, கல்லூரிக்கும் சமுதாயத்துக்கும் நாட்டுக்கும் பொருந்தும். எத்தனை பேரை ஏற்றினோம் என்பதோடு, ஏறிய ஒவ்வொருவரையும் எவ்வாறு கரை சேர்த்தோம் என்பதும் கேட்கப்படும்.

இவ்விரு கப்பல்களின் இரும்பும் இன்று இல்லை. அவற்றில் பயணம் செய்தோரின் நினைவு மட்டும் நம் இல்லங்களில் இன்னும் எஞ்சியுள்ளது. பழைய கடவுச்சீட்டுகள், பயணச்சீட்டுகள், அக்கரையிலிருந்து வந்த மடல்கள், துருவேறிய ட்ரங்குப் பெட்டிகள் ஆகியன பரண்களில் கிடக்கின்றன. தமிழ் மாணவர்கள் தம் பாட்டனார், பாட்டியார் அருகே அமர்ந்து, அவர்தம் கப்பல் கதைகளைக் கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். இந்த விடுமுறையிலேயே அதனைத் தொடங்குவோமாக. சொல்லத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராய் விடைபெற்று வருகின்றனர். கேட்கும் கடமை நம்முடையது.