குழாய் திறந்தது, ரத்தம் போகவில்லை

மாரடைப்பு வந்தவருக்கு ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது. ஆஞ்சியோ திரையில் அடைப்பு இருந்த இடம் பளிச்சென்று திறந்து தெரிகிறது. அதன் பிறகும் இதயத் தசையின் ஒரு பகுதிக்கு ரத்தம் எட்டாமல் போகலாம். யாங்கூன் நகரின் கியாக்டடா பகுதியில் பெரிய சூலே பகோடா சாலை காலியாகக் கிடந்தும் சிறிய 37ஆம் தெருவுக்குள் வண்டி நுழைய முடியாத நிலைமைதான். தசைக்கு நேராக உணவூட்டுபவை நுண்குழாய்கள். ஆஞ்சியோவில் அவை தெரிவதே இல்லை.

1974இல் ராபர்ட் குளோனரும் சகாக்களும் நாய்களின் இதயக் குழாயைக் கட்டி, பிறகு அவிழ்த்துவிட்டார்கள். ஒளிரும் சாயம் ஒன்றை ரத்தத்தில் செலுத்தி, இதயத்தைப் புறஊதா ஒளியில் பார்த்தார்கள். 40 நிமிடம் கட்டியிருந்த இதயத்தில் சாயம் எங்கும் பரவியிருந்தது. 90 நிமிடம் கட்டியதிலோ உட்புறத் தசை இருண்டே கிடந்தது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் காரணம் தெரிந்தது: தந்துகிகள் எனும் அந்த நுண்குழாய்களின் உட்சுவர் செல்கள் வீங்கி, குமிழ் குமிழாகப் புடைத்து வழியை மறித்திருந்தன. சிவப்பணுவே உடலை வளைத்துத்தான் நுழைகிற வழி அது. கொஞ்சம் வீங்கினாலே போதும்.

இந்த வீக்கத்தோடு, ரத்தக்கட்டியிலிருந்து சிதறும் துணுக்குகளும், ஒட்டிக்கொள்ளும் வெள்ளணுக்களும் சேர்ந்தே அடைக்கின்றன. எனக்கு வியப்பளிப்பது பெரிசைட். தந்துகியைச் சுற்றிப் பிடித்திருக்கும் இந்தச் செல், ரத்தம் நின்றதும் இறுக்குகிறது. ரத்தம் திரும்பிய பிறகும் பிடியை விடுவதில்லை. 2017இல் எலி இதயங்களில் இதைக் கண்ட லண்டன் ஆய்வாளர்கள், அடினோசின் என்ற மருந்தைக் கொடுத்தபோது ஓட்டம் மேம்பட்டதையும் பார்த்தார்கள்.

மனிதர்களிடம் கதை அவ்வளவு சுலபமாக இல்லை. ரத்தக்கட்டியை எல்லோருக்கும் உறிஞ்சி எடுத்துப் பார்த்த டோட்டல் ஆய்வு (2015) பலன் தரவில்லை, பக்கவாதம்தான் கூடியது. குழாய்க்குள்ளேயே கட்டிகரைப்பானைக் குறைந்த அளவில் செலுத்திய டி-டைம் ஆய்வும் (2019) நுண்குழாய் அடைப்பைக் குறைக்கவில்லை.

ஆகவே இன்றைக்கு நம்பக்கூடியது, வீங்குவதற்கு முன்பே போய்ச் சேர்வதுதான். நெஞ்சு வலிக்கும்போது "வாயுவாக இருக்கும்" என்று சோடா குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் நேரம் முழுக்க அந்தச் செல்கள் வீங்கிக்கொண்டிருக்கும். தமிழ்நாட்டில் டாக்டர் தாமஸ் அலெக்சாண்டர், அஜித் முல்லசாரி முதலானோர் சிறிய மருத்துவமனைகளைப் பெரியவற்றோடு இணைத்தார்கள். ஆஞ்சியோ வசதி பக்கத்தில் இல்லாவிட்டால் போன இடத்திலேயே கட்டி கரைக்கும் ஊசி, பிறகு ஆம்புலன்சில் பெரிய மருத்துவமனைக்கு. 2017இல் வெளியான முடிவின்படி, ஓராண்டுக்குள் இறந்தோர் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தனர். மருத்துவமனையில் இருக்கும்போதே நேர்ந்த இறப்புகளில் பெரிய வித்தியாசம் இல்லை; வித்தியாசம் வீடு திரும்பிய பின் வந்த மாதங்களில்தான் தெரிந்தது.