ஒவ்வொரு கயிறும் எங்கே போகிறது?

இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் இருக்கும் 'விக்டரி' போர்க்கப்பலுக்குத் தேவைப்பட்ட கயிறு மொத்தம் 26 மைல் என்று கணக்குச் சொல்வார்கள். கிட்டத்தட்ட 42 கிலோமீட்டர். 1765இல் நீரில் இறங்கி, 1805இல் டிரஃபால்கர் போரில் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் நின்று போரிட்ட கப்பல் அது. மரத்தில் கப்பல் மாதிரி செய்கிறவர்களில் பலருக்கும் என்றாவது ஒருநாள் அதைச் செய்துவிட வேண்டும் என்ற ஆசை உண்டு. எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவில் செய்தால், முகப்புச் சிற்பத்திலிருந்து பின்கோடி வரை ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். சாப்பாட்டு மேசையில் வைத்துவிடலாம். அந்த அளவில் 42 கிலோமீட்டர் கயிறு 580 மீட்டர் நூலாகச் சுருங்கிவிடும். அத்தனையையும் யாரும் கட்டுவதில்லை; பாதியைக் கட்டினாலே பெரிய காரியம்.

பார்க்க வருகிறவர்கள் வியப்பது பெரும்பாலும் கப்பலின் உடலைத்தான். வளைந்து இழையும் பலகைகள், வரிசையாக எட்டிப் பார்க்கும் பீரங்கிகள், பின்புறத்துச் சன்னல்கள். உடலை முடித்தவரும் பாதி வேலை தீர்ந்தது என்று பெருமூச்சு விடுவார். மூன்று பாய்மரக் கப்பலாக இருந்தால் அது பாதிகூட இல்லை. கயிறு கட்டும் கட்டத்தில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள். கைத்திறன் போதாமல் நிற்கிறவர்கள் குறைவு. ஒரு கயிறு எதற்காக இருக்கிறது, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது பிடிபடாமல் நிற்கிறவர்களே அதிகம்.

இந்தக் கலை பொழுதுபோக்காக ஆவதற்கு முன் அரசாங்கத்தோடு ஒட்டியிருந்தது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களுக்கு, பெரும்பாலும் 48இல் ஒரு பங்கு அளவில், நுணுக்கமான மாதிரிகள் செய்யப்பட்டன. நீர்மட்டத்துக்குக் கீழே பலகை அடிக்காமல், விலா எலும்புகள் போல வங்குகள் வெளியே தெரியும்படி விட்டிருப்பார்கள். லண்டனின் கிரீனிச்சில் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இவற்றின் பெரிய தொகுப்பு இருக்கிறது. இன்னொரு பெரிய தொகுப்பு அமெரிக்காவின் அனாபொலிஸ் கடற்படைக் கல்விக்கழகத்தில் உள்ளது. ஹென்றி ஹடில்ஸ்டன் ராஜர்ஸ் என்ற செல்வந்தர் வாங்கிச் சேர்த்த 108 மாதிரிகள், அவர் 1935இல் இறந்தபோது அங்கே போய்ச் சேர்ந்தன. இந்த வகை மாதிரிகளில் பல வெறும் உடல்தான், பாய்மரமே கிடையாது. பாய்மரமும் அந்தக் காலத்துக் கயிறும் அப்படியே தங்கிய சில மாதிரிகளுக்கு ஆய்வாளர்களிடம் தனி மதிப்பு உண்டு. அந்த நூற்றாண்டின் கப்பலில் எந்தக் கயிறு எங்கே போனது என்பதற்கு அவை நேரடிச் சாட்சி.

வரைபடமோ பயிற்சியோ இல்லாமல் இதே வேலையைச் செய்தவர்களும் இருந்தார்கள். நெப்போலியன் காலத்துப் போர்களில் பிடிபட்ட பிரெஞ்சுக்காரர்கள் இங்கிலாந்தில் பீட்டர்பரோ அருகே நார்மன் கிராஸ் முகாமில் 1797 முதல் 1814 வரை அடைக்கப்பட்டிருந்தார்கள். சாப்பாட்டில் வந்த இறைச்சியின் எலும்பைச் சேர்த்துவைத்து, அறுத்து, இழைத்து, அதையே பலகையாக ஒட்டிக் கப்பல் செய்தார்கள். செய்ததை முகாம் வாசல் சந்தையில் விற்றார்கள். அளவுக் கணக்குப் பார்த்தால் அந்தக் கப்பல்களில் பிழை நிறைய. கயிறுகளில் மட்டும் ஆச்சரியமான தெளிவு தெரியும். கட்டிய கைகளில் பல, மாலுமிகளின் கைகள் அல்லவா. பீட்டர்பரோ அருங்காட்சியகத்தில் இன்றும் அவற்றைப் பார்க்கலாம்.

உடல் செய்யும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நம் கடற்கரையில் தோணி கட்டும் ஓடாவிகள் ஏரா என்று சொல்லும் அடிக்கட்டைதான் இங்கும் முதுகெலும்பு. கடையில் கிடைக்கும் தொகுப்புப் பெட்டிகளில் ஏராவும் குறுக்குத் தடுப்புகளும் ஒட்டுப்பலகையில் வெட்டியே வரும். தடுப்புகளை ஏராவில் செருகி, அவற்றின் விளிம்பைப் பலகை படியும் சாய்வுக்குத் தேய்த்து, மேலே மெல்லிய மரப்பட்டைகளை ஒட்டுவார்கள். ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனில் முதல் அடுக்கு. அதில் பள்ளம் மேட்டைத் தேய்த்துச் சமன் செய்தபின், பார்வைக்கு நல்ல மரத்தில் இன்னும் மெல்லிய இரண்டாம் அடுக்கு. தேர்ந்தவர்கள் பெட்டி வாங்குவதில்லை. வங்குகளை ஒவ்வொன்றாகத் தாங்களே அறுத்து, உண்மைக் கப்பல் போலவே எழுப்புகிறார்கள்.

புதியவர்கள் அதிகம் இடறுவது அணியத்தில், அதாவது கப்பலின் முன்மூக்கில். நடுவில் அகன்ற உடல் அங்கே ஒடுங்குகிறது. எல்லாப் பலகையையும் ஒரே அகலத்தில் கொண்டுபோனால், அவை ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். ஒவ்வொரு பலகையையும் முனை நோக்கி இளைத்துக்கொண்டு போக வேண்டும். வளைப்பதற்குத் தண்ணீரில் ஊறவைத்துச் சூடு காட்டினால் போதும், பலம் காட்டினால் பலகை முறிந்துவிடும்.

மரத் தேர்விலும் ஒரு வேடிக்கை. விக்டரியின் மரத்தில் பெரும்பங்கு ஓக். ஆனால் நல்ல மாதிரிக்காரர்கள் ஓக் மரத்தைப் பெரும்பாலும் தவிர்ப்பார்கள். மரத்தை 72இல் ஒரு பங்காக வெட்டலாம், அதன் ரேகையைச் சுருக்க முடியாது. ஓக் ரேகை அந்தச் சிறு கப்பலில் பூதாகரமாகத் தெரியும். அதனால் ரேகை வெளியே தெரியாத பேரிக்காய் மரம், பாக்ஸ் மரம் போன்றவற்றுக்கு மதிப்பு. பலகைகளை அடிக்கும் மர ஆணிகளுக்கு மூங்கில். மூங்கில் சிம்பை, பொற்கொல்லர் கம்பி இழுப்பது போன்ற துளைத்தகட்டில் ஒவ்வொரு துளையாக இழுத்து, அரை மில்லிமீட்டருக்கும் கீழே கொண்டுவந்துவிடுகிறார்கள். பலகை இடுக்கில் தண்ணீர் புகாமல் அடைக்கும் கலப்பற்றின் கறுப்புக் கோட்டுக்கு, பலகையின் விளிம்பில் பென்சிலால் ஓர் இழுப்பு இழுத்தால் ஆயிற்று.

இனிக் கயிறு. பாய்மரக் கப்பலில் அழகுக்காகத் தொங்கும் கயிறு ஒன்றுகூடக் கிடையாது. இரண்டு வகையாகப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். பாய்மரத்தை விழாமல் பிடித்து நிற்பவை நிலைக்கயிறுகள். கட்டிவிட்டால் அவற்றை யாரும் அடிக்கடி தொடுவதில்லை. வெயில் மழைக்குத் தாங்கத் தார் பூசியிருப்பதால் கறுத்திருக்கும். பாய் தொங்கும் குறுக்குக் கழியான பருமலை ஏற்றவும் இறக்கவும், பாயை விரிக்கவும் சுருட்டவும், காற்றுக்கு ஏற்பத் திருப்பவும் பயன்படுபவை ஓடுகயிறுகள். கப்பிகளின் வழியே ஓடி, மாலுமியின் கைபட்டு, வெளிறிய சணல் நிறத்தில் இருக்கும். கடையில் வாங்கிய ஒரே நூலை இரண்டுக்கும் கட்டிய கப்பலைத் தெரிந்தவர் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்.

தடிமனும் முக்கியம். அந்தக் காலக் கடற்படை கயிற்றைக் குறுக்களவால் குறிக்கவில்லை, சுற்றளவால் குறித்தது. பழைய அட்டவணையில் 18 அங்குலம் என்று பார்த்துவிட்டு யாரும் அசந்துவிட வேண்டாம். அது சுமார் 14.5 சென்டிமீட்டர் குறுக்களவு. 72இல் ஒரு பங்குக்கு இரண்டு மில்லிமீட்டர் நூல். 3 அங்குலக் கயிறு மூன்றில் ஒரு மில்லிமீட்டராகிவிடும். எல்லாவற்றுக்கும் வழிகாட்டியாக 1794இல் டேவிட் ஸ்டீல் லண்டனில் வெளியிட்ட கயிற்றுக்கலை நூல் இருக்கிறது. கப்பலின் தரத்துக்கு ஏற்ப ஒவ்வொரு கயிற்றின் தடிமனும் அதில் அட்டவணையாகக் கிடைக்கும். விக்டரியைச் செய்பவர்களின் கையில் இன்றும் இருப்பது நேப்பியன் லாங்ரிட்ஜ் 1955இல் எழுதிய நூல். அவர் முதலில் விக்டரியை 48இல் ஒரு பங்கில் செய்து முடித்தார், பிறகு செய்த விதத்தை எழுதினார். ஒரு கயிற்றை உண்மையில் கட்டிப் பார்த்தவரின் எழுத்து என்பது ஒவ்வொரு பக்கத்திலும் தெரியும்.

தையல் நூல் இந்த வேலைக்கு ஆகாது. அதில் கயிற்றின் புரி தெரியாது, பஞ்சு நூலாக இருந்தால் பிசிர் வேறு. ஆர்வலர்கள் பல்சக்கரம் வைத்த சிறு கயிறுதிரி இயந்திரத்தைச் செய்துகொண்டு, மூன்று புரிகளைத் தாங்களே முறுக்கித் திரிக்கிறார்கள். சாதாரணக் கயிற்றின் முறுக்கு வலப்பக்கம். அப்படிப்பட்ட மூன்று கயிறுகளை இடப்பக்கமாக முறுக்கினால் நங்கூர வடம். பூதக்கண்ணாடி இல்லாமல் யாருக்கும் தெரியாத விவரம்தான். தெரியாதென்று விட்டுவிடுவதற்கு மனசு வராதவர்கள்தான் இந்த வேலைக்கே வருகிறார்கள்.

கட்டும் வரிசை மாலுமிகளின் வரிசையேதான். பாய்மரத்தின் இரு பக்கமும் தாங்கும் கயிறுகளை இரண்டிரண்டாக, முதலில் வலப்பக்கம், பிறகு இடப்பக்கம் என்று மாறி மாறி மாட்டுவார்கள். ஒரு பக்கத்தை மட்டும் இழுத்து முடித்தால் பாய்மரம் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். முன்னால் இழுத்துப் பிடிக்கும் கயிறு இவற்றுக்குப் பிறகு, இவற்றுக்கு மேலே. ஒவ்வொரு தாங்குகயிற்றின் அடியிலும் மூன்று கண் வைத்த ஒரு வட்டக்கட்டை. அதற்கு நேர் கீழே கப்பலின் பக்கத்தில் இன்னொன்று. இரண்டின் துளைகளுக்குள்ளும் மெல்லிய கயிறு ஏறி இறங்கி, இறுக்கவும் தளர்த்தவும் வழி செய்கிறது. மேல்கட்டைகள் எல்லாம் ஒரே கோட்டில் நிற்பது கைக்கணக்கில் வராது. வளைத்த கம்பித் துண்டு ஒன்றை இரு கட்டைகளுக்கும் நடுவே அளவுகோலாக மாட்டிக்கொண்டு, அப்புறம் கட்டுவார்கள்.

அதன்மேல் மாலுமிகள் ஏறும் கயிற்றுப்படிகள். பொறுமையைச் சோதிக்கும் இடம் இதுதான். நிஜக் கப்பலில் 15 அங்குலத்துக்குள் ஒரு படி. மாதிரியில் ஐந்து மில்லிமீட்டருக்கு ஒன்று. குறுக்கே போகும் நூல் ஒவ்வொரு தாங்குகயிற்றையும் இரண்டு முறை சுற்றி, தன்னடியிலேயே நுழைந்து இறுக வேண்டும். ஒரு பக்கம் பத்துத் தாங்குகயிறு, முப்பது படி என்று வைத்தால் 300 முடிச்சு, அதுவும் ஒரு பாய்மரத்தின் கீழ்ப்பகுதிக்கு மட்டும். கொஞ்சம் இறுக்கிவிட்டால் நேர்க்கயிறுகள் இடுப்பு வளைந்துவிடும். மறுபடி வெட்டிவிட்டுத் தொடங்க வேண்டியதுதான். முடிச்சில் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசை ஒரு துளி வைப்பதே நல்லது. சட்டென ஒட்டும் பசை நூலை வெடவெடக்கச் செய்து, வெள்ளைப் பூப்பும் விட்டுவிடும்.

பருமல்களுக்குரிய கப்பிகளை மேசையில் வைத்தே கட்டிவிட்டு, அப்புறம் பருமலை ஏற்றுவது புத்திசாலித்தனம். பெட்டியோடு வரும் கப்பிகள் சதுரமாக, முரட்டுத்தனமாக இருக்கும். உள்ளே உப்புத்தாள் ஒட்டிய டப்பாவில் போட்டுக் குலுக்கிக்கொண்டே இருந்தால் மூலைகள் உருண்டுவரும். பாய் வைப்பதா வேண்டாமா என்பது முடிவில்லாத வாதம். மொரீஷியஸில் 1960களின் இறுதியில் தொடங்கிப் பெரிய தொழிலாக வளர்ந்த மாதிரிக் கப்பல் பட்டறைகளில், பாய்த்துணியைத் தேநீரில் நனைத்துப் பழுப்பேற்றுகிறார்கள்; உடல் வேலை ஆண்களுக்கு, கயிறும் பாயும் பெரும்பாலும் பெண்களுக்கு. ஆனால் எந்தத் துணியும் இந்த அளவில் தடிமனாகத்தான் தெரியும் என்று பாயே வைக்காமல் விடுகிறவர்கள் ஏராளம். அப்படி விட்டால் மேல்பருமல்களைக் கீழிறக்கி வைக்க வேண்டும். பாயை ஏற்றும்போதுதான் அவை மேலே போகும். பாயும் இல்லாமல் பருமலும் உச்சியில் நின்றால், கப்பல் செய்தவருக்குக் கயிற்றின் வேலை புரியவில்லை என்று அர்த்தம்.

கடைசியில் எல்லா ஓடுகயிறும் தளத்தின் ஓரத்தில் உள்ள முளைகளுக்கு வந்து சேர்கின்றன. எந்தக் கயிற்றுக்கு எந்த முளை என்பது நிலையானது. இருட்டில், புயலில், மாலுமி தடவிப் பார்த்தே சரியான கயிற்றை அவிழ்க்க வேண்டும். மாதிரியில் முளையில் நூலைச் சுற்றி வெட்டிவிட்டு, தனியாகச் செய்த சுருளை மேலே மாட்டிவிடுவார்கள்.

எந்தக் கயிறு எங்கே போகிறது என்ற தேடல் ஸ்டாக்ஹோமின் வாசா அருங்காட்சியகத்தில் ஆராய்ச்சியாகவே நடந்தது. 1628இல் முதல் பயணத்திலேயே மூழ்கி, 1961இல் மேலே எடுக்கப்பட்ட வாசா போர்க்கப்பலின் பத்துப் பாய்களில் ஆறு, அறையில் மடித்தபடி கிடைத்தன. கிடைத்த மரமும் கப்பியும் துணியும் சேர்ந்து சொன்னதை வைத்து, கப்பல் பாய் விரித்து நின்ற கோலத்தைப் பத்தில் ஒரு பங்கு மாதிரியாக நிறுத்தியிருக்கிறார்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர் விக்டரிக்குப் போகாமல், ஒற்றைப் பாய்மரமோ இரட்டைப் பாய்மரமோ உள்ள சிறு கப்பலை எடுப்பது நல்லது. இலங்கையின் வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு, 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை பாய் விரித்துப் போன 'அன்னபூரணி' இரண்டு பாய்மரக் கப்பல்தான். அதன் நீளம் 89 அடி. 48இல் ஒரு பங்குக்கு 56.5 சென்டிமீட்டர்.

முடித்த கப்பலுக்குக் கண்ணாடிப் பெட்டி அவசியம். நூலில் படிந்த தூசியைத் துடைக்க வழியே இல்லை. பெட்டியின் சட்டத்துக்கு மட்டும் ஓக் வேண்டாம். மூடிய பெட்டிக்குள் அந்த மரம் மெல்ல விடும் அமில ஆவி, ஈயத்தில் வார்த்த பீரங்கிகளையும் நங்கூரங்களையும் சில ஆண்டுகளில் வெள்ளைப் பொடியாக அரித்துவிடும். பெட்டியில் காற்றுப் போகச் சிறு துளைகள் விடுவதும், ஈயத்துக்குப் பதில் பித்தளைப் பீரங்கிகள் வாங்குவதும் அதனால்தான்.