தீவுகளில் தொழிலாளர் குடிபெயர்வு: கருத்துக்கேட்பில் வேலையளிப்போரின் பங்கு

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தலைநகரம் 2024ஆம் ஆண்டு வரை போர்ட் பிளேர் என வழங்கப்பட்டது. இன்று அது ஸ்ரீ விஜயபுரம். அதன் ஹேடோ துறைமுகத்தைத் தீவுகளின் தலைவாயில் எனலாம். சென்னை, கொல்கத்தா, விசாகப்பட்டினம் ஆகிய நகரங்களிலிருந்து வரும் பயணிகள் கப்பல்கள் இங்குதான் கரையணைகின்றன. சிமெண்டும் அரிசியும் மட்டுமல்ல, கட்டடம் கட்டும் கரங்களில் பெரும்பாலானவையும் கடல் கடந்தே வருகின்றன. ஆகவே, குடிபெயர்வு பற்றி அரசு வகுக்கும் எந்த விதியும் இங்குள்ள ஒப்பந்தக்காரரையும் தொழிலாளரையும் உடனடியாகத் தொடுகிறது. அத்தகைய விதிகள் வரைவு நிலையில் இருக்கும்போதே வேலையளிப்போர் தம் கருத்தை முறைப்படி தெரிவிப்பது எங்ஙனம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

குடியேற்றத்தின் பின்னணி

தீவுகளின் வளர்ச்சி குடிபெயர்வோடு பின்னிப் பிணைந்தது. 1918ஆம் ஆண்டு முதல் வனப் பணிகளுக்காகச் சோட்டாநாகபுரிப் பகுதியிலிருந்து தொழிலாளர்கள் வரவழைக்கப்பட்டனர். ராஞ்சி மக்கள் என்றே அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அழைக்கப்படுகின்றனர். விடுதலைக்குப் பின்னர் கிழக்கு வங்காள அகதிகள் குடியமர்த்தப்பட்டனர். தமிழகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் பலர் பிழைப்பு நாடி வந்தனர். 1951இல் 30,971ஆக இருந்த மக்கள் தொகை, 2011இல் 3,80,581ஆக உயர்ந்தது. அறுபது ஆண்டுகளில் இது பன்னிரண்டு மடங்குக்கும் மேற்பட்ட பெருக்கமாகும்.

நிலமும் நன்னீரும் காடும் இப்பெருக்கத்துக்கு ஏற்ப வளர்வன அல்ல. காடுகள் தொடர்பான வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் நியமித்த சேகர் சிங் ஆணையம் இதனைச் சுட்டிக்காட்டியது. தீவுகளுக்குள் வருவோரைப் பதிவு செய்தல், குடியிருப்போருக்கு அடையாள அட்டை வழங்குதல், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகையை ஒழுங்குபடுத்துதல் ஆகியன அதன் பரிந்துரைகளுள் அடங்கும். உச்ச நீதிமன்றம் 2002 மே 7 அன்று ஆணையத்தின் பரிந்துரைகளைச் சில மாற்றங்களுடன் ஏற்றுக்கொண்டது.

நாட்டின் எப்பகுதிக்கும் சென்று வாழும் உரிமையை அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு குடிமக்களுக்கு அளிக்கிறது. எனினும், பொதுமக்கள் நலன் அல்லது பழங்குடியினர் நலன் கருதி நியாயமான கட்டுப்பாடுகளை விதிக்கவும் அப்பிரிவே இடமளிக்கிறது. உரிமைக்கும் கட்டுப்பாட்டுக்கும் இடையே எல்லைக்கோடு எங்கே அமைய வேண்டும் என்பதே கொள்கையின் மையக் கேள்வி.

கருத்துக் கூறும் வாயில்கள்

இந்த யூனியன் பிரதேசத்துக்குச் சட்டமன்றம் இல்லை. மக்களவையில் ஓர் உறுப்பினரே இருக்கிறார். ஆகவே, வரைவு விதிகளின்மீது எழுத்துமூலம் கருத்துக் கூறும் வாய்ப்பு, பிற மாநிலங்களைக் காட்டிலும் இங்கு அதிக முக்கியத்துவம் பெறுகிறது.

அவ்வாய்ப்பு பல வழிகளில் கிடைக்கிறது. முன்வெளியீடு தேவை எனச் சட்டம் விதிக்கும் இடங்களில், 1897ஆம் ஆண்டின் பொதுச் சட்டக்கூறுகள் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி வரைவு விதிகள் முதலில் வெளியிடப்பட வேண்டும்; குறித்த நாளுக்குள் வந்து சேரும் ஆட்சேபணைகளையும் யோசனைகளையும் அரசு பரிசீலிக்க வேண்டும். சட்ட முன்வடிவுகளைக் குறைந்தது 30 நாட்கள் பொதுமக்கள் கருத்துக்கு வைக்க வேண்டும் என 2014ஆம் ஆண்டின் முன்கலந்தாய்வுக் கொள்கை அமைச்சகங்களுக்கு வழிகாட்டுகிறது. மசோதா நாடாளுமன்ற நிலைக்குழுவுக்கு அனுப்பப்படும்போது, குழு கேட்கும் கருத்துரைகளையும் அனுப்பலாம்.

ஓர் எடுத்துக்காட்டு

மாநிலங்களிடைக் குடிபெயரும் தொழிலாளர்களுக்கென 1979இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. பயணப்படியோடு, பயண நாட்களுக்கும் பணியில் இருந்ததாகவே கருதி ஊதியம் தரவேண்டும் என அச்சட்டம் விதித்தது. அதன் இடத்தில் 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணி நிலைமைகள் பற்றிய சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட பிறமாநிலத் தொழிலாளர்களைக் கொண்ட நிறுவனங்களுக்கு இதன் குடிபெயர்வுப் பகுதி பொருந்தும். சொந்த ஊருக்குச் சென்று திரும்பும் கட்டணத்தை வேலையளிப்பவர் மொத்தத் தொகையாக வழங்க வேண்டும் என்பது அதன் ஏற்பாடுகளுள் ஒன்று.

இத்தொகுப்பின் மத்திய வரைவு விதிகள் 2020 நவம்பரில் வெளியிடப்பட்டுக் கருத்துக்கு 45 நாட்கள் அளிக்கப்பட்டன. பயணக் கட்டணம் பற்றிய வரைவு விதி, ரயிலில் இரண்டாம் வகுப்புப் படுக்கைக்குக் குறையாத கட்டணம், பேருந்து, அல்லது பிற பயணிகள் போக்குவரத்து என்று கூறியது. பெருநிலத்தில் இதில் ஐயம் எழாது. ஆனால் சென்னைக்கும் ஹேடோவுக்கும் இடையே ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் கடல் உள்ளது. ரயிலும் பேருந்தும் அதைக் கடக்க மாட்டா. கப்பல் 'பிற போக்குவரத்தில்' அடங்கும்; ஆயினும் எந்த வகுப்புக் கட்டணம்? புயலால் கப்பல் தாமதமானால் காத்திருக்கும் நாட்களின் உணவுச் செலவு யாரைச் சாரும்? இக்கேள்விகளைத் தலைநகர் தில்லியில் வரைவு எழுதுவோர் எதிர்பார்ப்பது அரிது. அன்றாடம் தொழிலாளரை அழைத்துவரும் நிறுவனமே அவற்றை எடுத்துக்கூற முடியும்.

மறுமொழி தயாரிக்கும் முறை

முதலாவதாக, வரைவை முழுமையாகப் படித்து, தம்மைப் பாதிக்கும் விதியின் எண்ணைக் குறிப்பிட வேண்டும். பொதுப்படையான குறைகூறலைவிட ஒரு விதி பற்றிய ஒரு பக்கக் குறிப்பு பயன் மிக்கது.

இரண்டாவதாக, கருத்தை ஆதாரத்தால் தாங்க வேண்டும். ஆண்டில் எந்த மாதங்களில் எத்தனை பேர் தேவைப்படுகின்றனர், எந்த ஊர்களிலிருந்து வருகின்றனர், எத்தனை காலம் தங்குகின்றனர், ஊதியம், உறைவிடம், பயணச் செலவு எவ்வளவு என்பன வருகைப் பதிவேட்டிலும் சம்பளப் பட்டியலிலும் உள்ளன. ஆள்களின் பெயர்களை விடுத்துத் தொகுப்பு எண்களை மட்டும் தருவது முறை.

மூன்றாவதாக, மாற்று வாசகம் ஒன்றை எழுதித் தர வேண்டும். மேற்கூறிய எடுத்துக்காட்டில், 'தீவுகளுக்குக் கப்பலின் பங்க் வகுப்புக்குக் குறையாத கட்டணம்' எனச் சேர்க்குமாறு கோரலாம். அதிகாரியின் பணி இதனால் எளிதாகிறது.

நான்காவதாக, உள்ளூர்த் தொழிலாளருக்குப் பயிற்சியளிக்க நிறுவனம் செய்வதையும் செய்யக்கூடியதையும் கூற வேண்டும். வெளியூர் ஆட்கள் தேவை என்று மட்டும் வாதிடுவோரிடம், உள்ளூர் இளைஞருக்கு என்ன செய்தீர் என்ற கேள்வி நிச்சயம் எழும்.

ஐந்தாவதாக, குறித்த நாளுக்குள் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான சான்றைப் பாதுகாக்க வேண்டும். தனித்து எழுத இயலாத சிறு ஒப்பந்தக்காரர்கள் தம் வணிகச் சங்கத்தின் வழியே கூட்டாக எழுதலாம்.

நம்பகத்தன்மையே அடிப்படை

வேலையளிப்போரின் கருத்து ஒரு தரப்பின் கருத்தே. குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்க வேண்டும் என்ற நோக்கம் மட்டும் வெளிப்படுமாயின், அதற்கு மதிப்பிராது. ஹேடோவில் கரையிறங்கும் தொழிலாளி ஊரிலிருந்து மூன்று நாள் கடல் தொலைவில் இருக்கிறார். பிணக்கு நேர்ந்தால் அடுத்த கப்பல் வரும்வரை அவருக்குப் போக்கிடம் இல்லை. அவருடைய உறைவிடம், ஊதியப் பாக்கி, திரும்பும் பயணம் பற்றிய பாதுகாப்புகளை எதிர்க்காமல், அவற்றை நடைமுறைக்கு ஏற்றவையாக்கும் வழியைக் கூறும் மறுமொழியே அரசின் நம்பிக்கையைப் பெறும். அவ்வாறே, பழங்குடியினர் காப்புப் பகுதிகளுக்குள் செல்வதை அனுமதிச் சீட்டால் கட்டுப்படுத்தும் 1956ஆம் ஆண்டின் ஒழுங்குமுறையைத் தளர்த்தக் கோருவது தொழில் தேவையாகாது. அது அம்மக்களின் உயிர்ப் பாதுகாப்பைச் சார்ந்தது.

கருத்துகள் யாவும் ஏற்கப்படும் என்பதற்கு உறுதியில்லை. எனினும், கூறப்படாத உண்மையை எந்த அரசும் பரிசீலிக்க இயலாது. குறித்த காலத்தில், கணக்கோடும் கண்ணியத்தோடும் எழுதப்படும் மறுமொழி, தீவின் தாங்குதிறனுக்கும் தொழிலாளர் நலனுக்கும் தொழிலின் தேவைக்கும் இடையே ஒரு நடுநிலை காண அரசுக்குத் துணைபுரியும்.